ஆளில்லா ஸ்டியரிங் – 9: பன்னிரண்டாவது கிலோமீட்டரில் புகை

சென்ற இதழில் 1995-ம் ஆண்டோடு நிறுத்தியிருந்தோம். ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் டிக்மன்ஸ் குழு உருவாக்கிய மெர்சிடிஸ் கார், மியூனிக்கில் கிளம்பி டென்மார்க்கின் ஓடென்ஸ வரை தானே ஓட்டிக்கொண்டு போனது. வழியில் மணிக்கு 175 கிலோமீட்டர் வேகத்தையும் தொட்டது. அதே ஆண்டு ஜூலையில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் வண்டி அமெரிக்காவைக் குறுக்கே கடந்தது. பிட்ஸ்பர்க்கில் தொடங்கி சான் டியாகோவில் முடிந்த அந்தப் பயணத்தின் 98 சதவீத தூரத்துக்கு ஸ்டியரிங்கை யாரும் தொடவில்லை.

அப்படியென்றால் 2000-ம் ஆண்டுக்குள் ஊரெல்லாம் ஆளில்லாக் கார்கள் ஓடியிருக்க வேண்டுமே, ஏன் ஓடவில்லை?

காரணம் எளிது. நெடுஞ்சாலையில் வெள்ளைக் கோடு இருக்கிறது. தரை சமமாக இருக்கிறது. எதிரே வருகிறவன் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறான். கோட்டைப் பிடித்துக்கொண்டு போவது அந்த இயந்திரங்களுக்குக் கைவந்துவிட்டது. கோடு முடிந்து மண் தொடங்கும் இடத்தில் அவை கண் கட்டிவிட்டதுபோல நின்றுவிடும். கல் எது, நிழல் எது, மேலேறிப் போகக்கூடிய புல் எது, மோதினால் முகப்பு நொறுங்கும் பாறை எது என்று அவற்றுக்குத் தெரியாது. ஆய்வுக்கூடங்கள் ஆளுக்கொரு கட்டுரை எழுதிவிட்டு, அடுத்த நிதிக்காகக் காத்திருந்தன.

இந்த உறக்கத்தைக் கலைத்தவர்கள் கார் கம்பெனிக்காரர்கள் இல்லை. ராணுவம்.

சட்டம் போட்டால் வண்டி ஓடுமா?

2000-ம் ஆண்டு இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றம் பாதுகாப்புத் துறைக்கான ஆண்டுச் சட்டத்தில் ஓர் இலக்கைச் சேர்த்தது. 2015-க்குள் ராணுவத்தின் தரைப்போர் வாகனங்களில் மூன்றில் ஒரு பங்கு ஆளில்லாமல் இயங்க வேண்டும் என்பதே அது. சட்டம் எழுதுவது சுலபம். வண்டிக்கு அது புரிய வேண்டுமே! வழக்கமான ஒப்பந்ததாரர்களிடம் பல ஆண்டுகளாகப் பணம் போய்க்கொண்டுதான் இருந்தது. வண்டிதான் வந்தபாடில்லை.

பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்பாவுக்கு அப்போது இயக்குநராக இருந்தவர் டோனி டெதர். ‘வழக்கமான ஆட்களால் ஆகவில்லை, வழக்கமில்லாத ஆட்களைக் கூப்பிடுவோம்’ என்று அவர் முடிவெடுத்தார். ஒரு பந்தயம். பாலைவனத்தின் நடுவே 142 மைல், அதாவது 228 கிலோமீட்டருக்கும் மேல். வண்டிக்குள் மனிதர் இருக்கக் கூடாது. வெளியிலிருந்து ரிமோட்டில் ஓட்டவும் கூடாது. குறித்த நேரத்துக்குள் முதலில் முடிக்கும் வண்டிக்கு 10 லட்சம் டாலர். மற்றவர்களுக்கு ஒரு சல்லிக்காசு கிடையாது.

106 அணிகள் பெயர் கொடுத்தன. பல்கலைக்கழகங்கள் வந்தன, லாரிக் கம்பெனி வந்தது, மோட்டார் சைக்கிளோடு ஒரு கல்லூரி மாணவர் வந்தார், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வந்தார்கள். ஒலிபெருக்கிப் பெட்டி செய்து விற்ற அண்ணன் தம்பி இருவர் ஒரு பிக்கப் வண்டியோடு வந்தார்கள்.

எல்லோரும் வெல்வார் என்று பந்தயம் கட்டக்கூடிய ஆள் ஒருவர் இருந்தார். கார்னகி மெலனின் வில்லியம் விட்டேக்கர். ‘ரெட்’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். முன்னாள் கடற்படைக் காலாள் வீரர். விபத்துக்குள்ளான த்ரீ மைல் ஐலண்ட் அணு உலைக்குள் மனிதர் போக முடியாத இடத்துக்கு ரோபோக்களை அனுப்பிப் பெயர் வாங்கியவர். அவர் வேலை பார்த்த ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தைப் பற்றி இங்கே ஒரு வரி சொல்ல வேண்டும். 1979-ல் அது தொடங்கப்பட்டபோது முதல் இயக்குநராக இருந்தவர் ராஜ் ரெட்டி, நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-ல் பட்டம் வாங்கியவர். இந்தத் தொடரில் இனி வரப்போகும் பெயர்களில் பாதிப் பேர் அவர் வளர்த்த அந்த நிறுவனத்தின் வழியாக வந்தவர்கள்தான்.

விட்டேக்கரின் வண்டிக்கு சாண்ட்ஸ்டார்ம் என்று பெயர். 1986-ல் தயாரான பழைய ராணுவ ஹம்வீ. தலையில் பெரிய உருண்டை. அதற்குள் லேசர் கண். பந்தயத்துக்குச் சற்று முன்பு சோதனை ஓட்டத்தில் அது குட்டிக்கரணம் போட்டுத் தலைகீழாக விழுந்தது. உருண்டை நசுங்கியது, கருவிகள் கோணின. ராப்பகலாக உட்கார்ந்து நிமிர்த்தினார்கள்.

2004 மார்ச் 13, காலை ஆறரை மணி

கலிபோர்னியாவின் பார்ஸ்டோ ஊருக்கு வெளியே, மொஹாவி பாலைவனத்தின் ஓரத்தில் ஸ்லாஷ் எக்ஸ் என்றொரு கடை. வார இறுதியில் மண்ணில் பைக் ஓட்டுகிறவர்கள் சாப்பிட வரும் இடம். அன்று அதைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். தலைக்கு மேலே ஹெலிகாப்டர். முடிவுக்கோடு மாநில எல்லையைத் தாண்டி நெவாடாவின் பிரிம் ஊரில். அங்கே பத்திரிகைக்காரர்கள் காத்திருந்தார்கள்.

பாதை எதுவென்று இரண்டு மணி நேரம் முன்புதான் சொல்வார்கள். ஒரு குறுந்தகட்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஜி.பி.எஸ். புள்ளிகள். விட்டேக்கரின் ஆட்கள் பாலைவனத்தை ஏற்கெனவே வரைபடமாக்கி வைத்திருந்தார்கள். தகடு கைக்கு வந்ததும் ஒரு பெரிய குழு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டு, எங்கே திரும்புவது, எங்கே மெதுவாகப் போவது என்று புள்ளிகளைத் திருத்தியது. ஏறத்தாழ முழுப் பயணமும் வண்டி கிளம்பும் முன்பே எழுதப்பட்டுவிட்டது. வண்டியின் வேலை அதைப் படித்து நடப்பது.

சாண்ட்ஸ்டார்ம் முதலில் கிளம்பியது. பின்னால் டார்பா ஆட்கள், கையில் அவசரத்துக்கு நிறுத்தும் ரிமோட்டோடு. வேலிக் கம்பங்கள் ஒன்றிரண்டைத் தட்டிவிட்டுப் போனது. பிறகு டாகெட் ரிட்ஜ் என்ற மேட்டில் ஒரு கொண்டை ஊசி வளைவு.

வளைவில் அது உள்பக்கமாகக் குறுக்கே வெட்டியது. இடப்பக்கச் சக்கரங்கள் பாதை ஓரத்து மண்மேட்டைத் தாண்டி இறங்கின. வயிறு மேட்டில் உட்கார்ந்துவிட்டது. கணினிக்கு அது தெரியவில்லை. ‘போ’ என்பதுதானே அதற்கு இட்ட கட்டளை? இன்ஜின் உறுமியது, முன்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. ரப்பர் தேய்ந்து புகைந்தது, புகை நெருப்பானது. யாரோ ரிமோட்டை அழுத்தினார்கள். சாண்ட்ஸ்டார்மின் கணக்கு அங்கே முடிந்தது: ஏறத்தாழ 12 கிலோமீட்டர்.

அன்றைய நாளின் அதிகபட்ச தூரமே அதுதான்.

மற்றவர்களின் கதையைச் சொன்னால் சிரிப்பு வரும். பள்ளிப் பிள்ளைகளின் வண்டி கிளம்பிய வேகத்தில் கான்கிரீட் தடுப்பில் மோதியது. கால்டெக் கல்லூரியின் ‘பாப்’ 2 கிலோமீட்டரில் முள்வேலிக்குள் போய்ச் சிக்கியது. இன்னொரு வண்டி செங்குத்தான மேட்டில் நடுவழியில் நின்றுவிட்டது. இன்ஜின் ஓடுகிறது, கியரும் விழுந்திருக்கிறது, ஏறுகிற அளவுக்கு ஆக்சிலரேட்டரை மட்டும் அது அழுத்தவில்லை. ஒலிபெருக்கி அண்ணன் தம்பியின் வண்டி 10 கிலோமீட்டர் நெருங்கும்வரை நன்றாகவே வந்தது. பிறகு கால்பந்து அளவுள்ள ஒரு கல் அதை நிறுத்திவிட்டது.

ஆஷ்காஷ் கம்பெனியின் டெர்ராமாக்ஸ் 14 டன் எடையுள்ள ஆறு சக்கர ராணுவ லாரி. எதிரே ஒரு புதர். லாரியின் கண்ணுக்கு அது சுவர். பின்வாங்கியது. நசுக்கிவிட்டுப் போயிருந்தால் புதருக்குத்தான் சேதம். ஆனால் மெத்தென்றது எது, கெட்டி எது என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? 2 கிலோமீட்டர்கூட முழுதாகத் தாண்டாமல் அது நிறுத்தப்பட்டது.

மோட்டார் சைக்கிளோடு வந்த மாணவர் பெர்க்லியின் ஆண்டனி லெவண்டௌஸ்கி. இரு சக்கரத்தில் தானே சமநிலை காத்து ஓடும் வண்டி என்பதால் எல்லோர் கண்ணும் அதன் மேல்தான். கிளம்பும்போது, சமநிலைக் கருவியின் சுவிட்சைப் போட மறந்துவிட்டார். வண்டி பொத்தென்று சாய்ந்தது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் கதையிலும் வருவார், பிறகு நீதிமன்றக் கதையிலும் வருவார்.

மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. பிரிமில் காத்திருந்த பத்திரிகையாளர்களுக்குப் பார்க்க ஒரு வண்டியும் இல்லை. பரிசுப் பணம் டார்பாவிடமே தங்கியது. மறுநாள் கேலிகளுக்குக் குறைவில்லை. டெதர் அசரவில்லை. மீண்டும் நடத்துகிறோம், பரிசு 20 லட்சம் டாலர் என்று அறிவித்தார்.

பங்காளிப் போட்டி

228 கிலோமீட்டரில் 12 என்றால் நூற்றுக்கு ஐந்து மார்க். ஆனால் அந்த விடைத்தாளைத் திருத்திப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. எந்த வண்டிக்கும் வழி தெரியாமல் போகவில்லை. வழி ஜி.பி.எஸ்.ஸில் இருந்தது. தெரியாமல் போனது காலடியில் இருந்த தரை.

அப்படிப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் செபாஸ்டியன் த்ருன். ஜெர்மனியில் பிறந்தவர், கார்னகி மெலனில் பேராசிரியராக இருந்து, அப்போதுதான் ஸ்டான்போர்டுக்கு மாறியிருந்தார். அவரோடு வந்த மைக் மான்டமெர்லோ கார்னகி மெலனிலேயே முனைவர் பட்டம் முடித்தவர். ஆக 2005 போட்டி, ஒரே வீட்டில் வளர்ந்து பாகம் பிரித்துக்கொண்ட பங்காளிகளின் போட்டி.

போக்ஸ்வேகன் டூவாரெக் கார் ஒன்று த்ருன் அணிக்குக் கிடைத்தது. பெயர் ஸ்டான்லி. கூரையில் ஐந்து லேசர்கள், ஒரு கேமரா; பின்பக்க டிக்கியில் கணினி அடுக்கு. கருவியைப் பார்த்தால் மற்றவர்களிடம் இல்லாதது எதுவும் இல்லை. வித்தியாசம் கணினிக்குள் இருந்தது. அதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

லேசர் என்ன செய்கிறது? ஒளிக்கீற்றை முன்னால் வீசி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்து, அந்த இடம் எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்று சொல்கிறது. வண்டி நிற்கும்போது பிரமாதமாக வேலை செய்யும். ஓடும்போதோ, குழியில் இறங்கி ஏறும் ஒவ்வொரு தடவையும் வண்டியின் மூக்கு ஆடும். மூக்கு ஒரு நூல் இறங்கினால் இருபது மீட்டர் தள்ளியிருக்கும் சமதரை, அரை அடி மேலே எழும்பியதுபோலத் தெரியும். அங்கே இல்லாத சுவர் ஒன்று முளைக்கும். ஸ்டான்லி ஆரம்பத்தில் இப்படித்தான் திணறியது: ஓட்டிப்போகத் தகுந்த நிலத்தில் 12.6 சதவீதத்தைத் தடை என்று தப்பாகக் குறித்தது.

அணி செய்தது இதைத்தான். ஒரு மனிதரை ஸ்டியரிங்கில் உட்கார வைத்துப் பாலைவனத்தில் ஓட்டச் சொன்னார்கள். அவர் சக்கரம் உருண்ட இடமெல்லாம் சந்தேகமில்லாமல் பாதை. அங்கே லேசர் ‘சுவர்’ என்று சொன்னால் அது பொய். எந்தச் சூழ்நிலையில் தன் கண் பொய் சொல்கிறது, எவ்வளவு பொய் சொல்கிறது என்று கணினி இந்த ஓட்டங்களிலிருந்து கற்றுக்கொண்டது. ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையே நேரம் கூடக் கூட அவற்றை ஒப்பிடுவதில் நம்பிக்கையைக் குறைத்துக்கொண்டது. தப்புக் கணக்கு 0.002 சதவீதத்துக்கு இறங்கியது.

இரண்டாவது சிக்கல் தூரம். லேசருக்கு இருபது, இருபத்தைந்து மீட்டருக்கு அப்பால் நம்பகமாகத் தெரியாது. அதை மட்டும் நம்பினால் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்ட முடியாது. தடையைப் பார்த்து பிரேக் பிடிப்பதற்குள் மேலே போய் விழுந்துவிடும். கேமராவுக்கு நெடுந்தூரம் தெரியும், ஆனால் எது பாதை என்று தெரியாது. இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். வரப்பில் நடக்கிறவர் காலடியில் மண் கெட்டியாக இருப்பதைப் பார்த்து, அதே நிறத்தில் முன்னால் நீளும் மண்ணையும் நம்பி எட்டி நடப்பாரே, அதுபோலத்தான். பக்கத்தில் இருக்கும் துண்டு நிலம் சமம் என்று லேசர் சான்று சொல்லும். அந்தத் துண்டின் நிறத்தைக் கேமரா கற்றுக்கொண்டு, தூரத்தில் அதே நிறம் எங்கெல்லாம் இருக்கிறதோ அதைப் பாதை என்று எடுத்துக்கொள்ளும். சிவப்பு மண் போய் வெளிறிய ஏரிப்படுகை வந்தால் மீண்டும் புதிதாகக் கற்கும்.

விட்டேக்கர் சும்மா இருப்பாரா? அவர் பக்கம் இப்போது இரண்டு வண்டிகள்: பழைய சாண்ட்ஸ்டார்ம், புதிதாக ஒரு ஹம்மர். அதற்குப் பெயர் ஹைலேண்டர். திட்டம் தெளிவானது. ஹைலேண்டர் வேகமாகப் பாயும். அதற்கு ஏதாவது ஆனால் நிதானமாக வரும் சாண்ட்ஸ்டார்ம் காப்பாற்றும்.

2005 அக்டோபர் 8

இந்த முறை பிரிமிலேயே தொடக்கம், பிரிமிலேயே முடிவு. 212 கிலோமீட்டர். 195 அணிகள் பெயர் கொடுத்து, சலித்து எடுத்ததில் 23 மிஞ்சின. ஹைலேண்டர் முதலில் கிளம்பியது, ஸ்டான்லி இரண்டாவது.

தொடக்கத்தில் ஹைலேண்டர் பறந்தது. பிறகு என்னவோ ஆனது. மேட்டில் ஏறும்போது இன்ஜின் மூச்சு வாங்கியது; ஓரிடத்தில் நின்று பின்னுக்கும் உருண்டது. இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. 160 கிலோமீட்டர் தாண்டிய இடத்தில் டார்பா ஹைலேண்டரை நிறுத்திவைத்து, பின்னால் வந்த ஸ்டான்லிக்கு வழி விட்டது.

கடைசியில் பீர் பாட்டில் பாஸ் என்ற மலைப்பாதை. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறு பக்கம் பள்ளம், நடுவே ஒரு வண்டி போகும் அகலம். ஸ்டான்லி அதில் நிதானமாக இறங்கி வந்தது. ஆறு மணி 53 நிமிடம் 58 விநாடி. சாண்ட்ஸ்டார்ம் 11 நிமிடம் பிந்தியது, ஹைலேண்டர் இன்னும் ஒரு பத்து நிமிடம். நான்காவதாக வந்த வண்டி நியூ ஆர்லியன்ஸ் பக்கத்து இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றினுடையது. ஐந்து வாரம் முன்புதான் கத்ரீனா புயல் அவர்கள் ஊரைப் புரட்டிப்போட்டிருந்தது.

23 வண்டிகளில் 22, போன முறை யாரும் தாண்டாத அந்த 12 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டன. இடையில் கழிந்தவை பத்தொன்பது மாதங்கள்கூட இல்லை.

ஹைலேண்டருக்கு என்னதான் ஆனது? பந்தயத்துக்குச் சில வாரங்கள் முன்பு அதுவும் கவிழ்ந்து நிமிர்த்தப்பட்ட வண்டிதான். ஆனால் பழுது எங்கே என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. 2017-ல் பழைய ஆட்கள் கூடி வண்டியைக் கிளப்பிப் பார்த்தபோது, இன்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் எரிபொருள் தெளிப்பான்களுக்கும் நடுவே இருந்த ஒரு சிறிய மின்வடிகட்டியின் மேல் ஒருவர் தற்செயலாகச் சாய்ந்தார். இன்ஜின் திணறியது. கையை எடுத்தார், சரியானது. மீண்டும் அழுத்தினார், திணறியது. பன்னிரண்டு ஆண்டுக் கேள்விக்கு விடை அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருந்தது.

ஆனால் என்னைக் கேட்டால், அந்த நாளின் நாயகன் ஸ்டான்லியும் இல்லை, ஹைலேண்டரும் இல்லை. ஐந்தாவதாக வந்த டெர்ராமாக்ஸ். ஆமாம், புதரைக் கண்டு பின்வாங்கிய அதே லாரிதான். இருட்டியதும் பாலைவனத்திலேயே நிறுத்திவைத்தார்கள். விடிந்ததும் கிளம்பி முடித்தது. ஓடிய நேரம் 12 மணி 51 நிமிடம். கெடு பத்து மணி நேரம்தான் என்பதால் கணக்கில் சேராது. சேராவிட்டால் என்ன? போன தடவை 2 கிலோமீட்டர், இந்தத் தடவை 212. அந்தப் பதினான்கு டன் லாரி புதர் வேறு பாறை வேறு என்று படித்துவிட்டு வந்திருந்தது.

தோற்றவர்கள் போட்ட விதை

ஒலிபெருக்கி அண்ணன் தம்பியில் ஒருவர் டேவிட் ஹால். 2005-லும் அவர் முடிவுக்கோட்டைத் தொடவில்லை. ஆனால் அந்த வருடம் அவர் வண்டியின் கூரையில் சுற்றிக்கொண்டிருந்த பொருளைப் பார்த்து மற்றவர்கள் வாய் பிளந்தார்கள்: 64 லேசர்கள் ஒன்றாகச் சுழன்று நாலாபுறமும் ஒரே நேரத்தில் பார்க்கும் ஒரு வாளி. ஒலிபெருக்கி செய்த வெலோடைன் கம்பெனி, லைடார் எனப்படும் இந்த லேசர் கண்ணைச் செய்யும் கம்பெனியானது. அடுத்த பந்தயத்தை முடித்த ஆறு வண்டிகளில் ஐந்தின் தலையில் அந்த வாளி இருந்தது. அதை விற்பதற்கு ஊர் ஊராகப் போனவர்களில் ஒருவர், சுவிட்சைப் போட மறந்த லெவண்டௌஸ்கி. த்ருன், மான்டமெர்லோ, லெவண்டௌஸ்கி, விட்டேக்கர் அணியின் தொழில்நுட்பத் தலைவர் கிரிஸ் அர்ம்சன் ஆகியோர் 2009-ல் கூகுளுக்குள் ஒரே மேசையில் உட்காரப்போகிறார்கள்.

அதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு பந்தயங்களிலும் பாதை வண்டிகளுக்காகவே காலியாக்கப்பட்டிருந்தது. ஒரு வண்டியை இன்னொன்று நெருங்கினால் டார்பா ஒன்றை நிறுத்திவைத்தது. முந்துவது, வழிவிடுவது, எதிரே வருகிறவன் என்ன நினைக்கிறான் என்று ஊகிப்பது எதுவுமே ஸ்டான்லிக்குத் தெரியாது, தெரிய வேண்டியும் இருக்கவில்லை. தரையைப் படிக்கக் கற்றுக்கொண்டாயிற்று. தரைமேல் நடமாடும் மனிதரைப் படிப்பது?

2007 நவம்பர் 3. கலிபோர்னியாவின் விக்டர்வில், கைவிடப்பட்ட விமானப்படைத் தளம். தெருக்கள், நாற்சந்திகள், நிறுத்தக் குறிகள். பதினொரு ஆளில்லா வண்டிகளோடு மனிதர்கள் ஓட்டும் கார்களையும் சேர்த்து ஒரே தெருவில் இறக்கிவிட்டார்கள்.

(தொடரும்)